பத்தாவது படிக்கிறவனுக்கு என்ன ஸ்ட்ரெஸ்ஸாம்!

பள்ளியில் சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்ட பத்தாம் வகுப்புப் பையனுக்கும் ஸ்ட்ரெஸ் இருக்கும் என்று நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவில் வந்து சிரித்துவிட்டுப் போன அத்தனை பேருக்கும் நன்றி. "அவனென்ன வீட்டுக்கடனா கட்டுறான், ஸ்ட்ரெஸ் வர?" என்று கேட்டவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள். சரி. ஏன் பிடித்தாய் என்று ஒருவராவது கேட்டார்களா? மூச்சுப் பயிற்சி மாதிரி, டென்ஷனைச் சமாளிக்கும் வழிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், புகைப்பது குறையும். நான் கேட்டது அவ்வளவுதான்.

இழுத்த சில நொடிகளில், புகையிலையில் உள்ள நிகோடின் மூளைக்குப் போய்விடும். "ஒரு தம் போட்டா ரிலாக்ஸ்" என்பது அதனால்தான். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகக் குறைந்ததும் எரிச்சலும் படபடப்பும் வருகின்றன. அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் முந்தைய சிகரெட் கிளப்பிவிட்ட படபடப்பைத்தான். பதின்வயதினருக்குப் பழக்கம் முற்ற முற்ற மன அழுத்தம் கூடவே செய்கிறது என்று உளவியலாளர் ஆண்டி பாரட் 1999லேயே எழுதிவிட்டார். இதைப் பிள்ளைகளிடம் யார் சொல்கிறார்கள்? கருகிப்போன நுரையீரல் படத்தைக் காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

என் தம்பி பரீட்சை சமயத்தில்தான் ஆரம்பித்தான். அப்பா பெல்ட்டை எடுத்தார். தம்பி கற்றுக்கொண்டது வாயை நன்றாகக் கொப்பளிக்க மட்டும்தான். ராத்திரி தூக்கம் வராமல் அவன் மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

"டென்ஷன் உள்ள எல்லாப் பசங்களுமா பிடிக்கிறாங்க?" இல்லைதான். கூட்டாளிகள் இருக்கிறார்கள், கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் இருக்கிறார். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்காக உளவியலாளர் கில்பர்ட் பாட்வின் உருவாக்கிய வாழ்க்கைத்திறன் பயிற்சியில் நண்பனிடம் 'வேண்டாம்' என்று சொல்வதையும் பதற்றத்தைச் சமாளிப்பதையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள்.

"அப்போ தண்டனையே கூடாதா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? காட்டுங்கள், பார்க்கலாம்.

"மூச்சை இழுத்துவிட்டா சரியாயிடுமா?" ஒரு நாளில் சரியாகாது. விட்ட முதல் சில நாள்தான் ரொம்பக் கஷ்டம், எரிச்சல் அடங்கச் சில வாரம் ஆகும். அந்த நாட்களில் கையில் பிடித்துக்கொள்ள அவனுக்கு ஏதாவது வேண்டாமா? ஆபீஸ் டென்ஷன் என்று சொல்லி வெளியே போய் ஊதிவிட்டு வருகிற பெரிய மனிதர்கள், பதினைந்து வயசுப் பையனுக்கு மட்டும் டென்ஷனே கிடையாது என்கிறார்கள். உங்களுக்கு வந்தால் டென்ஷன், அவனுக்கு வந்தால் திமிர்!

அடுத்து, "பிள்ளை பெத்து வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்று யாராவது வருவீர்கள். அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. உங்களிடம் சொல்வதாக இல்லை.