மாலை ஐந்தரைக்குப் பிறகு படகு நகராது

கேரளத்து ஆலப்புழை படகு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கரிமீன், காயல் (உப்பங்கழி) காற்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். படகுத்துறை வேலையைத்தான் காணோம். அந்த ஊர்ப் புன்னமடைப் பக்கம் இரண்டு படகு வீடுகளைப் பதினோரு வருடம் வாடகைக்கு விட்டவன் நான்.

ஆலப்புழையை ஒட்டிய வயல் பகுதியான குட்டநாட்டின் நெல்லைச் சுமந்த கெட்டுவள்ளம் என்ற பெரிய மரப்படகுதான் படகு வீடுகளுக்கெல்லாம் மூலம். ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். பழுது பார்க்கக் கரையேற்றினால் அந்த மாத வருமானம் போச்சு!

பெரிய எதிரி, தண்ணீரில் மிதந்து படரும் ஆகாயத்தாமரை. ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால், படகில் வேலை செய்யும் பையன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவான். உப்புப் பட்டால் சாகிற செடி அது. காயலின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடி உப்புநீரை நிறுத்துவது நெல்லுக்கு நல்லதுதான், ஆனால் இந்தச் செடியும் சேர்ந்து கொழுக்கும்.

மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் மாலை ஐந்தரைக்குப் படகைக் கட்டிவிட வேண்டும். "ராத்திரியும் ஓடும் என்றுதானே காசு கொடுத்தோம்?" என்று சண்டைக்கு வராத வாடிக்கையாளர் குறைவு. நம் ஊர்க்காரர்கள்தான் அதிகம், சொல்லக்கூடாது.

2018 வெள்ளத்தில் குட்டநாட்டு ஜனங்களை ஏற்றி வரப் படகு வீடுகளும் போயின. என்னுடையது திரும்பியபோது மேல்தளத்தில் இரண்டு ஆடுகள் நின்றன. அவற்றுக்கு வாடகை கேட்கவில்லை.