வாகனங்களைவிட மரங்களே காற்றை மாசுபடுத்துகின்றனவா?

“கோடை வெயிலில் மரங்கள் நச்சு வாயுவை விடுகின்றன, வாகனங்களைவிட அவையே காற்றை அதிகம் கெடுக்கின்றன” என்று பகிரப்படும் செய்தி தவறானது. இது புதிய கதையும் அன்று. 1980 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் வேட்பாளர் ரொனால்ட் ரீகன் ஏறக்குறைய இதையே சொன்னபோது, கலிபோர்னிய மாணவர்கள் “நான் மறுபடி கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்” என்ற அட்டையை ஒரு மரத்தில் மாட்டிக் கேலி செய்தார்கள்.

கதைக்குள் ஒரு துளி உண்மை உண்டு. ஓக், பாப்லர், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் இலைகள் ஐசோப்ரீன் என்னும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மத்தை வெளிவிடுகின்றன. இலையின் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸை எட்டும்வரை அதன் அளவும் கூடிக்கொண்டே போகிறது, ஏனெனில் வெப்பத் தாக்குதலைத் தாங்க அது இலைக்கு உதவுகிறது. புல்லை வெட்டியதும் மூக்கில் ஏறும் பச்சை வாசனையும் காயம்பட்ட இலைகள் விடும் இத்தகைய சேர்மங்களால் வருவதே. நம் மூச்சுக்காற்றிலும் ஐசோப்ரீன் சிறிதளவு இருப்பதால், அதை நச்சு வாயு என்று மிரட்டுவது பொருந்தாது.

தரைமட்டத்தில் காற்றை மாசுபடுத்தும் வாயுவான ஓசோனை ஐசோப்ரீன் தானாக உண்டாக்குவதில்லை. சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உடனிருந்தால்தான் தரைமட்ட ஓசோன் பெருகும். நகரங்களில் அந்த ஆக்சைடுகள் பெரும்பாலும் வாகனப் புகையிலிருந்தும் எரிபொருளை எரிக்கும் ஆலைகளிலிருந்தும் வருகின்றன. அமெரிக்காவின் அட்லாண்டா நகரைப் பற்றி 1988-இல் வெளியான ஆய்வு, மரங்களின் பங்கையும் கணக்கில் சேர்த்தபின், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்துவதன் முக்கியத்துவத்தையே சுட்டியது. மரங்களை வெட்டச் சொல்லவில்லை.