1,200 அடி சுதந்திரம்

(காங்கேயம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் மாமா. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு போர் வண்டி வழியில் இருக்கிறது.)

மாமா: ஏனுங்க மாப்பிள்ளை, மறுபடியும் போரா?

மாப்பிள்ளை: ஆமாங்க மாமா. பழைய போர் ரெண்டும் காற்றைத்தான் கக்குது. இந்தத் தடவை 1,200 அடி. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் கையில் அது செங்குத்தாக எழுந்து நின்றதுங்க!

மாமா: போன தடவையும் நின்றதுங்களே?

மாப்பிள்ளை: அது சின்னத் தேங்காய்.

மாமா: அவ்வளவு ஆழம் போனால் என் கிணற்றில் கிடக்கிற கொஞ்சமும் வடிந்துவிடுமுங்க.

மாப்பிள்ளை: என் பூமி, என் போர், என் சுதந்திரம். சட்டம் பார்த்துத்தானுங்க பேசுகிறேன். 1882 ஈஸ்மென்ட் சட்டம். நிலத்துக்கு அடியில், தடம் தெரிந்து ஓடாத தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரனுக்கு உரிமை உண்டு.

மாமா: 1882-இல் என் பூட்டன் ரெண்டு மாட்டைக் கட்டிக் கவலை ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தாருங்க. மாடு களைத்துப் படுத்தால் அன்றைக்குத் தண்ணீர் அவ்வளவுதான். உங்கள் மோட்டார் எப்போதுங்க படுத்தது?

மாப்பிள்ளை: கரண்ட் போனால் படுக்குமுங்க.

மாமா: 1990-இலிருந்து அந்தக் கரண்டுக்கும் பில் கிடையாது. மாட்டுக்காவது பருத்திக்கொட்டை வைக்கணும். சரி, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டபோது பட்டாசு வெடித்தது யாருங்க?

மாப்பிள்ளை: நான்தான். பின்னே? நொய்யலில் சாயத் தண்ணியை விட்டு ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுத் தொட்டியாக்கினால் சும்மா இருக்க முடியுங்களா?

மாமா: அவர்களும் என் பட்டறை, என் இஷ்டம் என்றுதானே இருந்தார்கள்?

மாப்பிள்ளை: அது வேறங்க மாமா. அவர்கள் ஆற்றில் விட்டார்கள். நான் விடவே இல்லையே, எடுக்கத்தானே செய்கிறேன்!

(இதை அவர் சிரிக்காமல் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.)

மாமா: ரொம்பச் சரிங்க. அப்போ நானும் இந்த வரப்போரமாகவே 1,300 அடி போட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை: அதெப்படிங்க? என் தண்ணீரெல்லாம் உங்கள் பக்கம் வந்துவிடுமே! பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ன ஆவான் என்கிற பொறுப்பு வேண்டாமுங்களா?

மாமா: 1882-ங்க மாப்பிள்ளை.

(மாப்பிள்ளை துண்டை உதறி மறுபடி தோளில் போடுகிறார்.)

மாமா: வண்டிக்காரருக்குப் போன் போடுங்க.

மாப்பிள்ளை: வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுங்களா?

மாமா: ரெண்டு போரையும் சேர்த்துப் போட்டால் அடிக்கு எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்க.