மொய் நோட்டில் இருப்பது யார் எழுத்து?
கையெழுத்தும் கைரேகை மாதிரிதான், பழைய எழுத்து ஒன்று கிடைத்தால் மொட்டைக் கடிதம் போட்டவரைப் பிடித்துவிடலாம் என்கிறது கையெழுத்து பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அந்தப் பழைய எழுத்து யாருடையது என்பது முதலில் உறுதியாக வேண்டாமா? காரைக்குடிப் பக்கம் எங்கள் உறவில் ஒரு கல்யாணப் பேச்சைக் கலைக்க மொட்டைக் கடிதம் வந்தது. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து பழைய மொய் நோட்டைப் புரட்டி, ஒரு பங்காளியின் பெயருக்கு நேரே இருந்த வரியோடு ஒப்பிட்டார்கள். அதே சாய்வு, 'ழ'வின் வாலில் அதே சுழி. ஆள் அகப்பட்டார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். மொய் நோட்டில் அவரவரா எழுதுகிறார்கள் என்று ஆயா (பாட்டி) கேட்ட பிறகுதான் விழித்தார்கள். பக்கம் முழுக்க எழுதியது மொய் எழுத உட்கார்ந்த ஒருவர்! (சந்தேகம் அவர்மேல் திரும்பியது தனிக்கதை.) அப்புறம், கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கணக்கு எழுதப் பழகும் பையனாகச் சேர்ந்து பேரேட்டைப் பார்த்து எழுதிப் பழகிய தலைமுறையில் பலர் எழுத்து ஒரே சாயலில்தான் இருக்கும். நிபுணர் பார்த்தால் தப்பாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். பிரான்சில் 1894-இல், ராணுவ ரகசியத்தை விற்கும் கடிதத்தை எழுதியதாக டிரைபஸ் என்ற ராணுவ அதிகாரி மேல் போட்ட வழக்கில், கையெழுத்தை ஒப்பிட்ட பெர்ட்டியோன், எழுத்து ஒத்துப்போகாத இடங்களைக்கூட டிரைபஸ் வேண்டுமென்றே மாற்றி எழுதியது என்றார். கடைசியில் பார்த்தால் எழுதியவர் எஸ்டர்ஹாசி என்ற வேறொரு அதிகாரி. நம் உச்ச நீதிமன்றம் 1980-இல் முராரி லால் வழக்கில் நிபுணர் கருத்தை எச்சரிக்கையோடு அணுகச் சொன்னது, ஒதுக்கச் சொல்லவில்லை. அது சரி. ஆனால் நிபுணரிடம் கொடுக்கவும், நாம் சந்தேகப்படும் ஆள் அதே காலத்தில் தன் கையால் எழுதிய கடிதம், செக், விண்ணப்பம் என நாலைந்தாவது வேண்டும்.