நான் வைத்த நெடுவரிசை வைத்த இடத்தில் இருக்கட்டும்

எங்கள் மருந்துக் கிடங்கு மென்பொருளின் புதிய பதிப்பில் பட்டியலின் நெடுவரிசைகளை நகர்த்த முடியாமல் செய்த கூத்தைப் பற்றிப் போன பதிவிலேயே புலம்பிவிட்டேன். இன்று அதைத் தயாரித்தவர்களுடைய விளக்கம் வந்திருக்கிறது. பயனர்கள் குழம்புவதால் நெடுவரிசைகளை இழுத்து நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டார்களாம். யார் ஐயா குழம்பியது? முதலில் காலாவதியாகும் மருந்து முதலில் வெளியே போக வேண்டும். அதனால் பேட்ச் எண்ணுக்குப் பக்கத்திலேயே காலாவதித் தேதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தோம். இப்போது தேதி திரையின் வலது கோடியில் கிடக்கிறது. குழப்பம் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

நான் கேட்பது ஒன்றுதான். நகர்த்த விடுங்கள், நகர்த்திய இடத்தை நினைவில் வையுங்கள். இது புதுமையான கோரிக்கையும் அல்ல. விண்டோஸில் பட்டியல்களைக் காட்ட நிரலர்களுக்குத் தயாராகக் கிடைக்கும் உறுப்புக்கு, நெடுவரிசையை இழுத்து நகர்த்தும் வசதி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 வந்த 1996-லேயே வந்துவிட்டது. மென்பொருள் திரைகளை அமைக்க உதவும் க்யூடி (Qt) என்ற கருவித்தொகுப்பில் தலைப்பு வரிசையின் நிலையைச் சேமிக்கவும் மீட்கவும் தயாரான செயற்கூறுகள் (functions) உண்டு. மேக்கில் அட்டவணைக்கு ஒரு பெயர் வைத்து ஒரு பண்பை இயக்கினால் வரிசையையும் அகலத்தையும் அதுவே சேமித்துக்கொள்ளும். எல்லாம் கையில் இருந்தும் செய்யவில்லை என்றால் அதற்குப் பெயர் 'குழப்பம்' அல்ல.

"ஒரு நிமிடத்தில் பழகிவிடும், இதற்கா இவ்வளவு பெரிய பதிவு?" என்பார்கள். நன்றி. அந்த ஒரு நிமிடத்தை மென்பொருளைத் தயாரித்தவர்கள் செலவழித்திருக்கலாமே.

"தலைப்பைச் சொடுக்கி அகரவரிசைப்படுத்தப் போனால் கை நழுவி நெடுவரிசை இடம் மாறிவிடுகிறது" என்பது நியாயமான குறைதான். கை நடுங்குபவர்களுக்கு இழுப்பதே சிரமம். மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி (WCAG) அணுகல் நெறிமுறையின் 2023-இல் வெளியான 2.2 பதிப்பு, இழுத்தே தீர வேண்டியவை தவிர, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்கிறது. சரி, நெடுவரிசைப் பெயர்களின் பட்டியலும் அவற்றை மேலே, கீழே நகர்த்தும் பொத்தான்களும் கொடுங்கள். 'பழைய வரிசைக்குத் திரும்பு' என்று ஒன்று வையுங்கள். வசதியையே பிடுங்குவது என்ன தீர்வு?

எனக்கு வேறு சந்தேகமும் உண்டு: குழம்பியது பயனர்களா, இவர்களுடைய நிரலா? முதல் வேலையில் நானும் நிரல் எழுதியவன். அங்கே கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். காகித பில்லில் அளவு முதலிலும் விலை பிறகும் இருக்கும், திரையில் தலைகீழ். பில்லைப் பார்த்தபடியே தட்டச்சு செய்ய வசதியாக, நெடுவரிசையை இழுத்து மாற்றிக்கொண்டார். புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அச்சில் அளவு இருக்க வேண்டிய இடத்தில் விலை வந்தது. அட்டவணையைக் காட்ட அந்த நிரல் பயன்படுத்தியது ஜாவா மொழியின் ஜேடேபிள் (JTable) என்ற தயார் உறுப்பு. அதில் திரையில் தெரியும் நெடுவரிசை எண் வேறு, உள்ளே தரவுக்கு இருக்கும் எண் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் செயற்கூறு அதிலேயே இருக்கிறது. எங்களுக்கு முன் எழுதிய யாரோ அதை அழைக்கவே இல்லை. ஜேடேபிளில் நகர்த்தும் வசதி நாம் கேட்காமலே திறந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மேலாளர் யாரைத் திட்டினார் தெரியுமா? அந்த அக்காவை. "நீங்கள் ஏன் அதைத் தொட்டீர்கள்?" நகர்கிற மாதிரி செய்து வைத்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா பதில் சொல்லாமல் அத்தனை பில்களையும் மறுபடி உட்கார்ந்து திருத்தினார்.

இன்றைய விளக்கத்தைப் படித்தபோது அதே குரல்தான் கேட்டது. நாள் முழுவதும் அந்தத் திரையைப் பார்ப்பது நாங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஒரு கோப்பில் நாலு வரி இடம் கொடுக்க மனம் வரவில்லை; ஆனால் எங்களுக்குக் குழப்பம் என்று எழுத மட்டும் வருகிறது.

"எக்செலுக்கு மாறிவிடுங்கள்" என்று எழுதத் தயாராக இருப்பவருக்கு: எக்செலில் ஷிப்ட் விசையை அழுத்தாமல் நெடுவரிசையை இழுத்துப் போட்டால், அங்கே ஏற்கெனவே தரவு இருக்கிறது, அழித்து எழுதட்டுமா என்று கேட்கும். அது கேட்கவாவது செய்கிறது.