அசிட்டிலீன் என்றதும் முடிவு கட்ட வேண்டாம்
டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்த வாயுக்களைச் சோதிப்பது பற்றிய கட்டுரை, அசிட்டிலீன் வாயு தெரிந்தாலே வைண்டிங்கில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில்) ஆர்க்கிங், அதாவது மின்பொறி பாய்கிறது என்று சொல்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சேலம் பக்கம் ஒரு மில்லில் எலக்ட்ரிக்கல் பார்க்கிறேன். எங்களுக்கும் ஒருமுறை வந்தது, ஆனால் ஹைட்ரஜனைவிட 3 மடங்குக்கு மேல் அசிட்டிலீன் இருந்ததால் சந்தேகப்பட்டுப் பார்த்தால், டேப் சேஞ்சரின் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் சுவிட்ச்) எண்ணெய் சீல் வழியாக மெயின் டேங்குக்குள் கசிந்திருந்தது. டேப் மாறும்போது அங்கே பொறி பறப்பது சகஜம்தானே. ஒரே ரிப்போர்ட்டை நம்பாமல் சில நாளிலேயே திரும்ப எடுங்கள், வாயு ஏறுகிற வேகம்தான் முக்கியம். அப்புறம் எண்ணெய் சாம்பிள் எடுப்பது: கண்ணாடி சிரிஞ்சில் ஒரு குமிழி நின்றால்கூட ஹைட்ரஜன் அதற்குள் ஓடிவிடும், அளவு குறைத்துக் காட்டும். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் சிரிஞ்சைச் சுற்றாமல் அப்படியே பைக்கில் கொண்டுபோகாதீர்கள், கருப்புக் கவரில் சுற்றி நிழலில் வையுங்கள்.