வாடகை சர்வரிலும் எண்ணிப் பார்க்க விடுங்கள்

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சர்வர், கெர்னல் என்றெல்லாம் வரும், பொறுத்துப் படியுங்கள். மாத வாடகைக்கு சர்வர் எடுத்துத் தொழில் நடத்தும் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் கணக்கு மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறேன். நூல் வந்தது, நிட்டிங் போனது, டையிங் போனது, கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் கணக்கு ஓடும். இரவு பத்து மணிக்கு மேல் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் வாரியாக அடக்க விலை போடும் வேலை ஒன்று இருக்கிறது. ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய மெஷினில் அது இருபது நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது. வாடகை விர்ச்சுவல் மெஷினுக்கு, அதாவது ஒரே பெரிய சர்வரை மென்பொருளால் பலருக்குப் பிரித்துத் தரும் மெஷினுக்கு மாற்றினோம். கோர் இரண்டு மடங்கு, மெமரி இரண்டு மடங்கு, ஆனால் வேலை முடிய முக்கால் மணி நேரம்.

முதலாளி போன் செய்தார். "ஏனுங் தம்பி, இன்னும் பெரிய சர்வராப் போட்டுட்டா செரியாயிருமுங்களா?"

"பொறுங்கண்ணா, நேரம் எங்க போகுதுன்னு எண்ணிப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

சொல்லிவிட்டேன். ஆனால் அந்த மெஷினில் எண்ணவே முடியவில்லை.

எதை எண்ணுவது என்று கேட்பவர்களுக்காக: ஒவ்வொரு பிராசஸருக்குள்ளும் சின்னச் சின்ன கவுண்டர்கள் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு பி.எம்.யூ என்று பெயர். எத்தனை சைக்கிள் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) ஓடியது, அதில் எத்தனை கட்டளை முடிந்தது, கேஷ் என்ற சின்ன வேக மெமரியில் தேடி எத்தனை முறை கிடைக்காமல் போனது என்பதையெல்லாம் ஹார்டுவேரே எண்ணும். 1993-ல் வந்த பென்டியத்தில் இப்படி இரண்டு கவுண்டர் இருந்தன. ஒரு கோரை இரண்டு த்ரெட்டாக ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங்கோடு வரும் பல இன்டெல் சிப்களில் ஒரு த்ரெட்டுக்கு, சொன்னதை எண்ணும் பொதுக் கவுண்டர் 4-ம், ஒன்றை மட்டுமே எண்ணும் நிலைக் கவுண்டர் 3-ம் உண்டு. ஐஸ் லேக் என்ற தலைமுறை வந்தபோது அது 8, 4 என்று ஆனது. இதையெல்லாம் எடுத்து நம் கையில் தருவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதியான கெர்னலின் வேலை. 2009-ல் வெளிவந்த லினக்ஸ் 2.6.31 முதல் பெர்ஃப் என்ற ஏற்பாடு கெர்னலோடேயே வருகிறது. ஒரு புரோகிராமை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் ஒவ்வொரு முறையும் கவுண்டரில் உள்ளதைக் குறித்துக்கொண்டு, அவரவர் கணக்கை அவரவருக்குத் தனியாக வைக்கும். இப்படி எண்ணுவதால் வேலை மெதுவாவது மிக மிகக் குறைவு.

நான் சோமனூர்க்காரன். அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்த காடா துணி அவரிடம் போகும், கூலி பிக் (ஊடை இழை) கணக்கில் வரும். ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊடை இழை விழுந்திருக்கிறது என்று பார்க்க மடக்கு லென்ஸ் ஒன்று இருக்கும். துணியை மேஜையில் விரித்து, லென்ஸை வைத்து, ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ணுவார்கள். 56 இருக்க வேண்டிய இடத்தில் 54 இருந்தால் பேச்சு வரும். அப்போது அப்பா லென்ஸை வாங்கி அதே இடத்தில் தானும் எண்ணுவார். அப்புறம் ஒரு கெஜம் தள்ளி இன்னொரு இடத்தில் எண்ணுவார். எண்ணக் கூடாது என்று ஜவுளிக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. லென்ஸ் ஒன்றுதான், இரண்டு பேரும் அதில்தான் பார்த்தார்கள்.

கவுண்டர் பற்றாதபோது கெர்னல் செய்வதும் இதே இன்ச் கணக்குத்தான். நாலு கவுண்டரில் பத்து விஷயம் எண்ணச் சொன்னால், முறை வைத்துக் கொஞ்ச நேரம் இது, கொஞ்ச நேரம் அது என்று எண்ணும். பத்து நொடியில் ஒரு விஷயத்துக்கு நாலு நொடிதான் இடம் கிடைத்தது என்றால், வந்த எண்ணை இரண்டரையால் பெருக்கிக் காட்டும், பக்கத்தில் 40 சதவீதம் என்று போட்டுவிடும். வேலை ஒரே சீராக ஓடினால் இது சரியாக வரும். தறியில் ஒரு இடத்தில் பல் நழுவி இழை நெருங்கிப்போயிருந்தால் ஒரு இன்ச்சை வைத்து முழுத் துணிக்கும் சொல்ல முடியாதே, அது போலத்தான் இதுவும். அந்தச் சதவீதத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாதம் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைப் பாருங்கள். எக்ஸ்86 (இன்டெல், ஏ.எம்.டி) மெஷின்களில், மெஷின் உறைந்துபோனதா என்று காவல் பார்க்கும் கெர்னலின் என்.எம்.ஐ வாட்ச்டாக் ஒரு கவுண்டரைப் பிடித்து வைத்திருப்பதும் உண்டு. அளக்கும் நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்கலாம்.

சரி, வாடகை மெஷினுக்கு வருகிறேன். பெர்ஃபின் எண்ணும் கருவியான பெர்ஃப் ஸ்டாட் போட்டேன். பேஜ் ஃபால்ட் எண்ணிக்கை வந்தது, கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் வந்தது. அவை கெர்னல் தானே எண்ணுபவை. சைக்கிள் என்ற வரியில் "நாட் சப்போர்ட்டட்". கட்டளை, கேஷ் எல்லாவற்றுக்கும் அதே பதில். பூட் ஆன பதிவைத் திறந்து பார்த்தால் "நோ பி.எம்.யூ டிரைவர், சாஃப்ட்வேர் ஈவென்ட்ஸ் ஒன்லி" என்று ஒரு வரி. சர்வர் கம்பெனியைக் கேட்டேன். சி.பி.யூ 100 சதவீதம் ஓடுகிறது, பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் எனக்கு ஆறவில்லை. சி.பி.யூ 100 சதவீதம் என்றால் அது சும்மா இல்லை என்று மட்டும்தான் பொருள். மெமரியிலிருந்து ஒரு எண் வருவதற்காகக் கை கட்டி நின்றாலும் 100 என்றுதான் காட்டும். வேலை செய்கிறதா, காத்து நிற்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு சைக்கிளுக்கு எத்தனை கட்டளை முடிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு கவுண்டர் வேண்டும். பக்கத்து வாடகைக்காரர் நம் நேரத்தை எடுத்துக்கொள்கிறாரா என்று டாப் என்ற கருவியில் ஸ்டீல் நேரத்தைப் பார்த்தேன், பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. அதுவும் காரணம் இல்லை.

ஆபீஸ் மூலை மெஷினைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் விர்ச்சுவல் மெஷின் ஓட்ட லினக்ஸில் உள்ள கே.வி.எம் போட்டு, சிப்பை உள்ளபடியே காட்டச் சொல்லி, பி.எம்.யூவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கினேன். அதே டேட்டாபேஸ், அதே ராத்திரி வேலை. ஒரு முறை வெறும் மெஷினில், ஒரு முறை விர்ச்சுவலில். இரண்டு நாள் ஆனது. முடித்த கட்டளைகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சைக்கிள் மட்டும் விர்ச்சுவலில் ஏகத்துக்கு ஏறியிருந்தது. அந்த சைக்கிள் எங்கே போனது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனதில் பிடிபட்டது: மெமரி முகவரி தேடுவதில்.

புரோகிராம் கேட்கும் முகவரியை உண்மையான மெமரி இடத்துக்கு மாற்ற, பேஜ் டேபிள் என்ற முகவரி அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். அண்மையில் பார்த்தவற்றை டி.எல்.பி என்ற சின்ன இடத்தில் சிப் வைத்துக்கொள்ளும். அங்கே இல்லையென்றால் நாலு படி நடக்க வேண்டும், நாலு முறை மெமரியைத் தொட வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் அந்த நாலு படியின் ஒவ்வொரு முகவரியும் அடியில் இருக்கும் மெஷினின் டேபிளில் மறுபடி தேடப்பட வேண்டும். அதனால் மோசமான நிலையில் நாலு இருபத்து நாலு ஆகிறது. எங்கள் அடக்க விலை வேலையோ நூல் லாட்டிலிருந்து பீஸ் வரைக்கும் அங்கே இங்கே தாவித் தாவிப் படிக்கும் வேலை. டி.எல்.பி-யில் தவறிய எண்ணிக்கை இரண்டிலும் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் கொடுத்த விலைதான் மாறியிருந்தது.

மருந்து சின்னதுதான். டேட்டாபேஸின் பொது மெமரியை 4 கே.பி பக்கங்களுக்குப் பதிலாக 2 எம்.பி பெரிய பக்கங்களில் வைத்தோம். பக்கம் பெரிதானால் டி.எல்.பி-யில் தவறுவது குறையும். வாடகை மெஷினில் அதைச் செய்த அன்று ராத்திரி வேலை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. பெரிய பிளான் தேவைப்படவில்லை. "எண்ணுனது நல்லதாப் போச்சுங் தம்பி" என்றார் முதலாளி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூலையில் அந்தப் பழைய மெஷின் இல்லாதிருந்தால்? கோவையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் எத்தனை கம்பெனிகள் இப்படி நேரம் எங்கே போகிறது என்று தெரியாமலேயே அடுத்த பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும்?

கவுண்டரை மூடி வைப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒரே சிப்பைப் பலர் பகிரும்போது, கேஷ் கணக்கைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவரின் ரகசியத்தை ஊகிக்க வழி உண்டு. அது நிஜமான பயம். கே.வி.எம் போலவே விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருளான ஜென், அதன் திட்டம் 2015-ல் தன் விர்ச்சுவல் பி.எம்.யூவுக்குப் பாதுகாப்பு ஆதரவு கிடையாது என்றே அறிவித்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை வேறு தலைமுறை சிப்புக்கு நகர்த்தினால் கவுண்டர்களும் மாறிப்போகும் என்பதும் சரிதான். ஆனால் கோரைப் பகிராமல் தனியாக ஒதுக்கித் தரும் பிளானிலும் சைக்கிள், கட்டளை என்ற இரண்டு எண்களைக்கூடத் தர மறுப்பதை நான் ஏற்க மாட்டேன். முழு மெஷினையும் எடுப்பவருக்குக் கவுண்டரைத் திறந்துவிடும் பெரிய கிளவுட் கம்பெனிகள் இருக்கின்றன. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

திறந்து கொடுத்தாலும் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருந்தாளி மெஷின் (உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின்) கவுண்டரில் கை வைத்தால் கே.வி.எம் அதைத் தடுத்துப் பிடித்து, அடியில் உள்ள கெர்னலிடம் தன் பெயரில் ஒரு பெர்ஃப் எண்ணிக்கை கேட்டு வாங்கி, விருந்தாளி ஓடும் நேரத்துக்கு மட்டும் எண்ணிக் கொடுக்கும். அவருக்காக அடி கெர்னல் செய்த வேலை அதில் வராது. அடியில் வேறு யாராவது பெர்ஃப் ஓட்டிக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டால், உள்ளே இருப்பவரின் எண்ணிக்கை அவருக்குத் தெரியாமலேயே நின்றுபோகலாம். உள்ளே 100 சதவீதம் எண்ணினேன் என்றுதான் காட்டும். இது தீர வேண்டுமென்றால் விருந்தாளி ஓடும் வரை ஹார்டுவேர் கவுண்டரை நேரடியாக அவர் கையிலேயே விட்டுவிட வேண்டும். கெர்னல் ஆட்கள் அந்தத் திசையில்தான் உழைக்கிறார்கள். நம்மூர்க் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் நடத்தும் ஆசிரியர்கள், பேஜ் டேபிள் படம் வரைந்து காட்டும் அன்றே மாணவர்களை லேபில் உட்காரவைத்துப் பெர்ஃப் ஓட்டச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்த மாதம் எங்கள் சர்வர் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. விலை கேட்டு அனுப்பும் கடிதத்தில் முதல் கேள்வியாக இதை எழுதியிருக்கிறேன்: உங்கள் எந்தப் பிளானில் பெர்ஃப் ஸ்டாட் போட்டால் சைக்கிளும் கட்டளையும் வரும்? மூன்று கம்பெனிக்கு அனுப்பினேன், ஒருவர் மட்டும் விவரம் கேட்டுத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். நீங்களும் உங்கள் சர்வர்காரரிடம் இதையே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.